ஒரு நாடு தாமதம்

என் அக்கா மகள் எங்கே போனாலும் ஒரு நாடு தாமதமாகத்தான் போய்ச் சேருவாள். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. அவளே சொன்னாள்.

அத்தான் துறைமுகங்களில் பெரிய கிரேன்களை நிறுத்தும் பொறியாளர். ஒரு துறைமுகத்தில் எல்லாக் கிரேன்களும் எழுந்து நிற்க இரண்டு, இரண்டரை வருடம் ஆகும். நின்றதும் குடும்பம் அடுத்த நாட்டுக்குக் கிளம்பும். அக்கா மகள் பிறந்த நாற்பதாவது நாளே ஒரு பயணம். போன இடத்தில் தொட்டில் கிடைக்காமல், சூட்கேஸின் திறந்த மூடிக்குள் துணியை விரித்துப் படுக்க வைத்தார்களாம். நன்றாகத் தூங்கினாளாம். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெட்டி என்றுதான் பெயர்.

இந்த வருடம் அத்தானுக்குத் தலைமை அலுவலகத்தில் நாற்காலி வேலை கிடைத்தது. பெட்டிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது எல்லோரும் ஊர் திரும்பினார்கள். அவள் நாடுகளின் பெயரைச் சொல்வதே இல்லை. பள்ளியை வைத்துத்தான் அடையாளம். முதலாவது மணிப் பள்ளி, அடுத்தது காலுறைப் பள்ளி, கடைசியாகத் துடைப்பப் பள்ளி.

மணிப் பள்ளியில் எல்லாவற்றுக்கும் மணி அடிக்கும். ஒரு வகுப்பில் அறுபது பேர். டீச்சர் உள்ளே வந்தால் அறுபது பேரும் எழுந்து நிற்க வேண்டும். கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில். காலுறைப் பள்ளியில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்க வேண்டும். டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அங்கே பெட்டி மணிப் பள்ளிப் பழக்கத்தில், டீச்சர் பக்கத்தில் வரும்போதெல்லாம் எழுந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் டீச்சர் அவளைக் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டாராம்.

"வேண்டாம்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"பாஷை தெரியாதே சித்தி. போனதுக்கு ஒரு தடவை கை கழுவிட்டு வருவேன்."

துடைப்பப் பள்ளிக்குப் போன முதல் நாள், டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வகுப்பே மூச்சை நிறுத்திவிட்டதாம். அங்கே பிள்ளைகளேதான் வகுப்பைப் பெருக்கித் துடைக்க வேண்டும். பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சாப்பாடு பரிமாற வேண்டும். டீச்சரும் அதே அறையில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

எங்கள் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்க வந்த அன்றே பெட்டி தாமதமாகிவிட்டாள். அக்கா படிவம் நிரப்பிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில், தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்த துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்தாள். துப்புரவு வேலை செய்யும் அம்மா டீத் தம்ளரோடு ஓடி வந்தார்.

"ஐயோ, எனக்கு ஓய்வு குடுத்துட்டாங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவரைச் சமாதானப்படுத்த இரண்டாவது டீ தேவைப்பட்டது.

எங்கள் பள்ளி என்று சொல்கிறேன். நான் அங்கே ஆய்வக உதவியாளர். வேதியியல் பட்டம். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். குடுவைகளைக் கழுவுவது, அமிலங்களைக் கலக்குவது, லேபிள் ஒட்டுவது என் வேலை. பேச வேண்டிய தேவை குறைவு. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. ஆசிரியர்கள் என்னை "லேப்" என்று கூப்பிடுவார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டியின் சிக்கல் இது. மணிப் பள்ளியில் ஐந்து வயதில் சேர்ந்து இரண்டு வகுப்பு முடித்தாள். காலுறை நாட்டில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பே ஆரம்பம். எனவே மறுபடி ஒன்று. அங்கே மூன்றாம் வகுப்பில் பாதி முடிந்தபோது அடுத்த கிரேன் வந்துவிட்டது. துடைப்ப நாட்டில் பள்ளி ஆண்டு வேறு மாதத்தில் தொடங்கும். எனவே மறுபடி மூன்று. கடைசியில் அவள் கையில் இருந்த சான்றிதழ், நான்காம் வகுப்பு முடித்தவள் என்றது. வயதுப்படி அவள் ஏழாம் வகுப்பில் உட்கார வேண்டும். காகிதப்படி ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் அவள் முழங்கால் மேஜைக்கு அடியில் நுழையாது.

பெட்டி எதற்கும் அழுகிற பெண் இல்லை. இதற்கு மட்டும் ஒரு மதியம் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லா நாட்டுலயும் என்னை விடச் சின்னப் பசங்களோடயே உக்கார வெக்கறாங்க சித்தி. இப்படியே போனா முப்பது வயசுல எல்.கே.ஜி. படிப்பேன்."

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ அந்த ஸ்கூல்லதானே வேலை பாக்கற. பெரிய டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் சொல்ற வார்த்தைய யாரு அக்கா கேட்டிருக்கா?"

"சொன்னாத்தானேடி கேக்கறதுக்கு!"

பெரிய டீச்சர் என்பது தலைமையாசிரியை. நான் சொல்லாமலேயே அவர் ஒரு வழி வைத்திருந்தார். கணக்கில் ஒரு தேர்வு. பத்துக் கேள்வி, ஒரு மணி நேரம். ஏழு சரியாக இருந்தால் ஏழாம் வகுப்பு. இல்லாவிட்டால் ஐந்து. மற்றப் பாடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

தேர்வுக்கு முதல் நாள் பெட்டி என்னிடம் கேட்டாள். "இங்க பரிட்சை எப்படி இருக்கும் சித்தி?"

நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. "உக்காந்து எழுதணும்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

விடுமுறை என்பதால் வகுப்புகளுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே தேர்வு ஆய்வகத்தில். எழுத இரண்டு பேர். இன்னொருத்தி எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் கணக்கில் மட்டும் தேறாமல் மறுதேர்வுக்கு வந்தவள். அவளை எல்லோரும் ரேடியோ என்பார்கள். காலையில் ஆரம்பித்தால் நிற்காது. அவளுக்கும் அதே கேள்வித்தாள், அதே ஏழு மதிப்பெண்.

கணக்கு சார் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆனதும் வாசலில் லாரி ஒலி எழுப்பியது. புதிய பாடப் புத்தகங்கள் வந்திருந்தன. கையெழுத்துப் போட சார்தான் போக வேண்டும்.

"லேப், பத்து நிமிஷம் பாத்துக்கங்க. உங்க அக்கா பொண்ணுங்கறதால சொல்றேன், வாயைத் திறக்கவே கூடாது." ஒரு கணம் யோசித்துவிட்டு, "திறக்கவா போறீங்க" என்று சொல்லிப் போனார்.

நான் குடுவைகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோ பேனாவைக் கடித்துக்கொண்டு, மூலையில் தொங்கிய எலும்புக்கூட்டிடம் முணுமுணுவென்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி எழுதி முடித்தாள். தாளை நேராக வைத்தாள். பென்சிலை அதன் மேல் வைத்தாள். எழுந்தாள்.

தாளைக் கொடுக்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். ஒரு ஸ்டூலை இழுத்து ரேடியோவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

என் விரலில் பசை தடவிய லேபிள் ஒட்டியிருந்தது. 'பெட்டி, உன் இடத்துக்குப் போ' என்ற வாக்கியம் எனக்குள் முழுதாகத் தயாராகிவிட்டது. தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது.

"எதுல நிக்கற?" என்றாள் பெட்டி.

"தண்ணித் தொட்டிக் கணக்குல. ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல ரொப்புமாம். இன்னொண்ணு மூணு மணி நேரத்துல ரொப்புமாம். ரெண்டையும் தொறந்தா எவ்வளவு நேரம்னு கேக்கறாங்க. ஒன்பதுதானே?"

"ரெண்டு பேர் வேலை செஞ்சா நேரம் கூடுமா, குறையுமா?"

"எங்க வீட்டுல கூடும். நானும் என் தங்கச்சியும் பாத்திரம் கழுவினா மதியம் ஆயிடும்."

"குழாய் சண்டை போடாது."

"அப்ப குறையும். சரி, விடையைச் சொல்லு."

"மாட்டேன். ஒரு மணி நேரம் மட்டும் தொறந்து விட்டா, முதல் குழாய் எவ்வளவு ரொப்பும்?"

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பதிலைக் கேட்க ஆசையாக இருந்தது. ரேடியோ எட்டு மாதத்தில் முதல் முறையாக ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள்.

"ஆறுல ஒரு பங்கு," என்றாள் மெதுவாக.

கதவு திறந்தது. கணக்கு சார் நின்றார். இரண்டு பேருக்கும் முன்னால் ஒரே தாள்.

"நல்லா இருக்கும்மா!" என்றார். "பரிட்சை ஹாலா, பஸ் ஸ்டாண்டா?"

இரண்டு தாள்களையும் பிடுங்கிக்கொண்டு, என்னைப் பார்த்தார். நான் லேபிளைப் பார்த்தேன். அவர் நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனார்.

கால் மணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. காப்பி அடித்ததால் இரண்டு தாளும் செல்லாது. ரேடியோ ஆறாம் வகுப்பிலேயே இருக்க வேண்டும். பெட்டி ஐந்தாம் வகுப்பு.

பெட்டி என்னிடம் வந்து நின்றாள். கோபம் இல்லை. புரியாமல்தான் நின்றாள்.

"நான் என்ன தப்பு செஞ்சேன் சித்தி? நான் முடிச்சுட்டேன், அவ முடிக்கலை. நான் பாட்டுக்கு சும்மா உக்காந்திருந்தா அதுதானே தப்பு?"

துடைப்பப் பள்ளியில் முதலில் முடித்தவள் அடுத்தவளிடம் போக வேண்டும் என்று அப்போதுதான் சொன்னாள். விடையைச் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். விடையைச் சொன்னால் இரண்டு பேருக்கும் திட்டு. முடித்துவிட்டுச் சும்மா இருந்தால், 'தோழியைப் பார்த்துக்கொள்ளவில்லை' என்று வீட்டுக்குக் குறிப்பு வரும்.

"இங்க அப்படி இல்லன்னு நீங்க சொல்லவே இல்லையே," என்றாள்.

தேர்வில் பக்கத்தில் பார்க்கக் கூடாது என்பது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. மூச்சு எப்படி விடுவது என்று யாருக்கு விளக்குவோம்? ஆனாலும் அவள் கேட்டாள். நான் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டேன். என் வாய்ச் சிக்கனத்துக்கு அவள் ஐந்தாம் வகுப்பில் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும்.

ஆய்வகக் கதவைச் சாத்தினேன். எலும்புக்கூட்டின் முன் நின்று, "வணக்கம் டீச்சர், ஒரு விஷயம் சொல்லணும்," என்று பேசிப் பார்த்தேன். நான்கு முறை பேசினேன். அது எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பெரிய டீச்சர் மேஜை முழுவதும் புத்தகக் கட்டுகள். அவற்றுக்கு நடுவில் அவர் கண்ணாடி மட்டும் தெரிந்தது. கணக்கு சார் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, அமிலம் ஏதாவது கொட்டிடுச்சா?"

நான் பேசப் பழகிய முதல் வாக்கியம் மறந்துவிட்டது. இரண்டாவதும். எனவே நடுவிலிருந்து ஆரம்பித்தேன்.

"காப்பி அடிச்சா விடைதான் டீச்சர் இந்தத் தாள்லேருந்து அந்தத் தாளுக்குப் போகும். வழி போகாது."

சார் எண்ணுவதை நிறுத்தினார்.

"அவ விடை சொல்லலை. கேள்விதான் கேட்டா. நான் பாத்தேன். தடுத்திருக்கணும், தடுக்கலை, அது என் தப்பு. அதுக்கு முன்னாடி, இங்க பரிட்சை எப்படி இருக்கும்னு அவ என்கிட்ட கேட்டா. அதையும் நான் சரியா சொல்லலை. அவ படிச்ச ஸ்கூல்ல முடிச்சவங்க உதவி செய்யலன்னாதான் திட்டுவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டேன். "அந்தப் பொண்ணுக்கு அதே மாதிரி புதுக் கணக்கு ஒண்ணு குடுங்க. எண்ணை மாத்திக் குடுங்க. காப்பின்னா போட முடியாது. போட்டுட்டா, அவ கத்துக்கிட்டான்னு அர்த்தம். சோதிச்சுப் பாத்துடலாம் டீச்சர்."

"சோதனையா?" என்றார் சார். "இது என்ன ஆய்வகமா?"

"பரிட்சை நடந்தது அங்கதானே சார்."

இது எலும்புக்கூட்டிடம் பழகியதில் இல்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை. பெரிய டீச்சர் புத்தகக் கட்டு குலுங்கச் சிரித்தார்.

"எட்டு மாசமா இந்தப் பொண்ணு குரலை இப்பத்தான் கேக்கறேன். சரி, ரேடியோவைக் கூப்பிடுங்க."

ரேடியோ பள்ளி கேட் அருகில்தான் இருந்தாள். காவலாளியிடம் தன் பக்க நியாயத்தை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெட்டியும் பின்னால் வந்து கதவோரம் நின்றாள்.

சார் அறைச் சுவரில் இருந்த கரும்பலகையில் எழுதினார். ஒரு குழாய் நான்கு மணி நேரம். இன்னொன்று பன்னிரண்டு மணி நேரம்.

ரேடியோ சாக்பீஸைக் கையில் வாங்கினாள். பேச்சும் கூடவே வந்தது.

"சார், ஒரு மணி நேரம் மட்டும் தொறக்கறேன். முதல் குழாய் கால் தொட்டி. சரியா? ரெண்டாவது சோம்பேறி, பன்னிரண்டுல ஒரு பங்குதான். கால்னா பன்னிரண்டுல மூணு. மூணும் ஒண்ணும் நாலு. பன்னிரண்டுல நாலுன்னா மூணுல ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு மூணுல ஒரு பங்கு நிறைஞ்சா மொத்தம் மூணு மணி நேரம் சார்."

சார் கரும்பலகையைப் பார்த்தார். ஒரு வருடம் முழுவதும் அவர் இதே தொட்டியை இதே பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். பெஞ்சில் ஏற்றி நிற்கவைத்தும் சொல்லியிருந்தார்.

"இரு, இரு," என்றார். சாக்பீஸை வாங்கி ஒரு வரி மாற்றினார். "முதல் குழாய் நிரப்புது. ரெண்டாவது காலி பண்ணுது. ரெண்டும் திறந்திருக்கு. இப்ப சொல்லு."

"யாரு சார் அதைத் தொறந்து விட்டது?"

"யாரோ தொறந்துட்டாங்க. நீ சொல்லு."

"எங்க வீட்டுல இப்படி விட்டா எங்கம்மா சும்மா விட மாட்டாங்க." அவள் கை எழுதிக்கொண்டே இருந்தது. "மூணுல ஒண்ணு போனா ரெண்டு. பன்னிரண்டுல ரெண்டு. ஆறுல ஒண்ணு. ஆறு மணி நேரம். தண்ணியும் வீண்."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"நீ அப்படி என்னம்மா சொல்லிக் குடுத்த?"

"ஒண்ணும் சொல்லலை சார். ஒரு மணி நேரம் மட்டும் யோசின்னேன். முழுத் தொட்டியையும் ஒரேயடியா நினைச்சா பயமா இருக்கும்ல?"

"விடையைச் சொல்லுன்னு எவ்வளவு கெஞ்சினேன் தெரியுமா சார்!" என்றாள் ரேடியோ. "சொல்லவே இல்லை, கல்நெஞ்சக்காரி. கேள்வியா கேட்டே உயிரை வாங்கிட்டா."

பெரிய டீச்சர் பெட்டியின் விடைத்தாளை எடுத்தார். அதன் மேல் சார் போட்ட சிவப்புக் கோடு குறுக்கே ஓடியது. கீழே பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது. அதை உரக்கப் படித்தார்.

"'முதல் எட்டு சரி. ஒன்பது சந்தேகம், கழித்தலில் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன். பத்து எனக்குப் புரியவில்லை.' இது என்ன?"

"என் மதிப்பெண் டீச்சர்," என்றாள் பெட்டி. "நாமளே போட்டுக் குடுக்கணும்ல?" பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, "ஐயோ," என்றாள். "அது காலுறைப் பள்ளி. இங்க இல்லையா?"

இந்த முறை இரண்டு நாடு தாமதம்.

சார் சிவப்புப் பேனாவைத் திறந்து அங்கேயே திருத்தினார். ஏழு நிமிடம் ஆனது. கடிகாரம் என் எதிரில் இருந்ததால் தெரியும். எட்டு சரி. ஒன்பதாவதில் கழித்தல் தப்பு. பத்தாவது காலியாக இருந்தது.

"இவளே திருத்திட்டா. இனிமே உங்களுக்கு என்ன வேலை சார்?" என்றார் பெரிய டீச்சர்.

"துடைப்பம் இருக்கு டீச்சர்," என்றார் சார். அவரும் சிரிப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ரேடியோவை மட்டும் தனியாக உட்கார வைத்து வேறு கேள்வித்தாள் கொடுத்தார்கள். சரியாக ஏழு வாங்கினாள். எழுதும்போது அவள் பேசிய பேச்சுக்கு மதிப்பெண் குறைக்கலாமா என்று சார் கேட்டார். அப்படி விதி இல்லை என்றார் பெரிய டீச்சர்.

இரண்டு பேருக்கும் ஏழாம் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியிடம் சொன்னார்: "இங்க பரிட்சை நேரத்துல உதவி பண்றது தப்பு. மத்த நேரம் எல்லாம் பண்ணலாம். நினைவு வெச்சுக்கோ."

"ஏன் டீச்சர், பரிட்சையிலதானே உதவி தேவைப்படும்?"

பெரிய டீச்சர் பதிலுக்காகச் சாரைப் பார்த்தார். சார் என்னைப் பார்த்தார். நான் புத்தகக் கட்டைப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போம்மா," என்றார் பெரிய டீச்சர்.

காலாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்புக்கு என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பது உண்மை. நாற்பது பேர் முன்னால் நின்று விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். உட்கார்ந்து எழுத வேண்டும். பேனாவால் எழுத வேண்டும். முடித்தால் உன் இடத்திலேயே இருக்க வேண்டும். யாருக்கும் உதவக் கூடாது. யாரிடமும் கேட்கக் கூடாது. நமக்கு நாமே மதிப்பெண் போடக் கூடாது. கடைசி விதிக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் பெட்டி முடித்தாள். தாளை நேராக வைத்தாள். அவள் எழத் துடிப்பது தோளிலேயே தெரிந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ஒரு வழியாக அவள் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

நான் நிம்மதியாகத் திரும்பியபோது, பின் வரிசையில் பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. ரேடியோ முடித்துவிட்டாள். தாளை நேராக வைத்துவிட்டு, முன் பெஞ்சில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"எதுலடி நிக்கற?"

வாக்கியம் எனக்குள் தயாரானது. தொண்டை வரை வந்தது. இந்த முறை நிற்கவில்லை.

"ரேடியோ! உக்காரு!"

எழுதிக்கொண்டிருந்த எல்லாப் பேனாவும் நின்றன. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த கணக்கு சார் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்:

"யாரும்மா கத்தினது?"